பன்றிக்கு எந்தச் சன்னம்?

"ஏப்ரனைக் கழட்டிப் போட்டு வாங்கோ, லிங்கம் அண்ணை. ஊர்க் கந்தோரிலை ஐஞ்சு பேர் காத்துக்கொண்டு இருக்கினமாம்."

இந்திரா படியிறங்கி ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னாள். லிங்கம் சமையலறையில் இறைச்சி வெட்டும் உணவகத்தில் மாடி அறைகளைச் சுத்தம் செய்பவள். சுவிசின் சோலோதுர்னுக்கு வந்து மூன்று வருடம் ஆனதால் ஜெர்மன் கொஞ்சம் பேசுவாள். அதனால் சமையலறைக்கு என்ன வந்தாலும் மொழிபெயர்ப்பு அவள் தலையில்தான் விழும்.

"என்ன விசயமாம்?"

"துவக்கு விசயமாக் கேக்கப்போகினமாம். முதலாளி அவ்வளவுதான் சொன்னார்."

சண்முகலிங்கத்தின் கையிலிருந்த கத்தி நழுவிப் பலகையில் விழுந்தது. வந்து பதினொரு மாதம். அகதி விசாரணைக்கு எப்போது அழைப்பு வருமென்று தபால்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் அவன். மனுவில் அவன் நம்பியிருந்தது ஒரே ஒரு வரியை: 'நான் வாழ்நாளில் துப்பாக்கியைத் தொட்டதில்லை.' அது முழு உண்மை. அந்த வரி ஆட்டம் கண்டால் அடுத்தது கொழும்பு விமானம்தான்.

"ஞாயிற்றுக்கிழமை வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்தனீங்களோ?" வழியில் இந்திரா விடவில்லை. "பன்றி சுட எந்தச் சன்னம் நல்லதெண்டு சாப்பிட வந்தவைக்கு வகுப்பெடுத்தனீங்களாம்."

"கேட்டாங்கள், சொன்னன்."

"நாட்டிலை சண்டை எண்டால் நாங்கள் எல்லாரும் துவக்கோடைதான் பிறந்தனாங்கள் எண்டு இவைக்கு நினைப்பு. நீங்கள் அதுக்கு முத்திரை குத்திக் குடுத்திருக்கிறியள்."

ஊர் அலுவலகமான அந்தக் கந்தோரின் மேல்மாடியில் நீள மேசை. அதன் பின்னால் கழுத்துப்பட்டி கட்டிய ஐந்து பேர். நடுவில் இருந்த நரைமீசைக்காரர் சின்ன மணி ஒன்றை அடித்தார். ஓரத்தில் ஒருவர் தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினார். தாங்கள் யாரென்று எவரும் சொல்லவில்லை. அந்த ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்பது அவர்கள் எண்ணம்.

"சின்னத் துவக்குக்கு இலேசான சன்னம் கூடாது எண்டு சொன்னீங்களோ எண்டு கேக்கினம்," என்றாள் இந்திரா.

"சொன்னன் எண்டு சொல்லட்டோ?"

"எழுதி வைச்சிருக்கினம், அண்ணை. மறுத்துப் பிரயோசனமில்லை."

லிங்கம் தொண்டையைச் செருமினான். "நான் துவக்கைத் தொட்டதேயில்லை எண்டதை முதல்லை சொல்லு, பிள்ளை. நான் தொட்டது பன்றியை. வெட்டேக்கை உள்ளை கிடக்கிற சன்னத்தைத் தோண்டி எடுக்கிறது என்ரை வேலை. இந்த வேட்டைச் சீசனிலை இருபத்திமூண்டு காட்டுப்பன்றி. இலேசான சன்னம் தோள் எலும்பிலை பட்டவுடனை உப்புத்தூள் மாதிரிச் சிதறிப்போகும். பாதி இறைச்சி குப்பைக்கு. சாப்பிட்ட ஒருத்தருக்குப் பல்லும் உடைஞ்சது."

அவள் சொல்லி முடித்ததும் நரைமீசைக்காரர் புன்னகைத்துத் தட்டச்சுக்காரரின் காதில் ஏதோ சொன்னார்.

"துவக்கைத் தொடேல்லை எண்டது தன்னடக்கமாம். அதை எழுத வேண்டாமாம்," என்றாள் இந்திரா.

லிங்கம் நம்பியிருந்த ஒரே வரி அதுதான்.

பச்சைத் துணியில் இரண்டு துப்பாக்கிச் சன்னங்களை வைத்தார்கள். அட்டையைக் குறிபார்த்துச் சுட எது, பன்றிக்கு எது?

பதினொரு மாதத்தில் எதைப் பற்றியும் அவனிடம் அபிப்பிராயம் கேட்டவர் யாருமில்லை. பயத்தை மீறி வாய் கிளம்பிவிட்டது.

"முழுக்கச் செம்பு போர்த்தது அட்டைக்கு. நேராப் போகும். அட்டை ஓடாது. அதாலை பன்றிக்கு அடிச்சால் ஊசி குத்தினமாதிரி அங்காலை போயிடும். பன்றி எல்லை தாண்டி ஆராவ் ஊர்ப் பக்கம் ஓடிப்போய்ச் சாகும். அங்கத்தையான் கறி வைப்பான்."

"குறைச்சுச் சொல்லுங்கோ, அண்ணை. கேக்காததுக்கும் மறுமொழி சொல்லுறியள்."

"பன்றிக்கு முனையிலை ஈயம் தெரியிறது, அதிலையும் பாரம் கூடினது. கிட்டப் போய் அடிக்கவேணும். ஏலாட்டில் பெரிய துவக்கை எடுக்கச் சொல்லு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தான். தட்டச்சு இயந்திரம் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஐவரும் குசுகுசுத்தார்கள். பிறகு ஐந்து கைகள் ஒன்றாக உயர்ந்தன. மணி அடித்தது. மூன்று கையெழுத்தும் ஒரு முத்திரையும் விழுந்த தாளை நரைமீசைக்காரர் எழுந்து நின்று நீட்டினார். மற்றவர்கள் வரிசையில் வந்து கைகுலுக்கினார்கள்.

லிங்கத்துக்குக் கண் கலங்கியது. "என்னை விட்டிட்டினம், பிள்ளை. வாசி, வாசி."

இந்திரா இரண்டு தரம் வாசித்தாள்.

"இது அகதி விசாரணை இல்லை, அண்ணை. இவை ஊர்த் துவக்குச் சங்கத்துக்காரர். சங்கத்துக்கு எந்தச் சன்னம் வாங்கிறதெண்டு வேட்டைக்காரருக்கும் அட்டை சுடுறவைக்கும் மூண்டு மாசமாப் பிடுங்குப்பாடாம். நடுநிலையான நிபுணர் வேணுமெண்டு உங்களைக் கூப்பிட்டிருக்கினம். இனி நீங்கள்தான் சங்கத்தின்ரை ஆயுத ஆலோசகர்."

லிங்கம் நாற்காலியில் சரிந்து வயிறு குலுங்கச் சிரித்தான். "அவ்வளவுதானோ? நான் இங்கை செத்துப் பிழைச்சன்."

நரைமீசைக்காரர் அவன் தோளை அன்போடு தட்டி, இன்னும் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்னவாம், பிள்ளை?"

"நீங்கள் நல்ல மனிசனாம். உங்கடை மனுவுக்கு உதவியா இருக்கட்டுமெண்டு, நீங்கள் சன்னத்தைப் பற்றிச் சொன்னது முழுக்க அடிச்ச கார்பன் பிரதியை அகதி விசாரணைக் கந்தோருக்குத் தபாலிலை போட இப்பத்தான் ஆள் போகுதாம்."