உள்ளறைப் பூட்டு

தங்கை செண்பகத்தைப் பெண் பார்க்க வந்த அன்று, தன்னை உள்ளறையில் அடைக்கச் சொல்லிப் பூட்டை எடுத்து அம்மா கையில் கொடுத்தவனே சங்கரபாண்டிதான். எல்லையில் குண்டு வெடித்து, கூட நின்ற நாலு பேரும் போக, ஒற்றை ஆளாய்த் திரும்பியவன். ‘பட்டாளத்துப் பைத்தியம்’ என்றது ஊர். அவனால் ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன.

கூடத்தில் காப்பி டம்ளர் ஒன்று கீழே விழுந்தது. பூட்டிய அறைக்குள் அவன் தொம்மென்று கட்டிலடியில் பாய்ந்தான்.

“உள்ள யாரு? அந்தப் பட்டாளத்தானா?” என்றாள் மாப்பிள்ளையின் அத்தை.

“ஐயோ, அவன் ஆஸ்பத்திரியில கெடக்கான் மதினி. இது நாய். ஆளக் கண்டா கடிக்கும்னு அடைச்சு வச்சிருக்கோம்,” என்றாள் அம்மா.

“நாயா? கொரைக்கவே காணோமே!”

சங்கரபாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு முறை குரைத்தான்.

“நல்ல காவல்தான் போ!” என்று அத்தை சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். செண்பகம் தட்டோடு அப்படியே நின்றாள். சிரிப்பு ஓய்ந்த பிறகும் உள்ளே குரைப்பு நிற்கவில்லை.