பிரித்த கூரை

ஜுனைதீன் முதலாளி கூரைமேல் நின்று கடப்பாரையால் தகரத்தை நெம்பிக்கொண்டிருந்தார். கீழே, கொட்டுகிற மழையில், ரெங்கம்மா அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கிற வீடுய்யா! மழையில கூரையைப் பிரிக்கிறியே, நீ நல்லாயிருப்பியா?"

"போகச் சொன்ன நேரம் போயிருக்கணும்" என்றபடி அவர் அடுத்த ஆணியைப் பெயர்த்தார்.

எதிர்வீட்டுத் தையல்காரன் ஹாஷிமுக்கே பொறுக்கவில்லை. "ஜுனைதீன் நானா, மழையாவது விடட்டுமே!"

"ஒன்ட வேலையப் பாரு, ஹாஷிம்."

இலங்கை மலைநாட்டில் பதுளைக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஹாலிஎல கடைவீதியின் மேல்கோடியில், மலைச்சரிவை வெட்டிக் கட்டிய அந்த வீட்டை வாடகைக்கு எடுத்து, பாதை வேலைக்காரர்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டுப் பிழைத்துவந்தாள் ரெங்கம்மா. முற்பணம் வாங்கிய அன்று, பின்பக்க மண்மேட்டுக்குக் கல்லால் முட்டுச்சுவர் எழுப்பித் தருவதாக ஜுனைதீன் சொன்னார். பிறகு கேட்டபோதெல்லாம், "கொத்தனார் நாளைக்கு வாறான்" என்றார்.

மூன்று மழைக்காலம் போயிற்று. முழங்கால் உயரம் எழும்பிய சுவர் பாசி பிடித்து அப்படியே நின்றது. "வேணாம், முற்பணத்தையாவது குடுங்க, நான் வேற எடம் பாக்குறேன்" என்று அவள் கேட்டுப்பார்த்தாள். அதற்கும் நாளைதான்.

இன்று காலையில் அவராகவே வந்தார். பின்சுவர் விரிசலைக் குனிந்து பார்த்தார். போன வாரம் விரல் நுழைந்த இடத்தில் கை முழுதாக உள்ளே போயிற்று. ஒருவழியாக வேலை தொடங்கப்போகிறது என்று ரெங்கம்மா நினைத்தாள். அவர் சேற்றுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"இப்பவே வீட்டக் காலி பண்ணு. இந்தா, ஒன்ட முற்பணம்."

கேட்டுக் கேட்டு ஓய்ந்த பணம், கேளாமலே வந்தது. அதுதான் அவளை உசுப்பிவிட்டது. ரயில் வரப்போகிறது, எவனோ கூடுதல் வாடகை பேசிவிட்டான்!

"என்ன திடீர்னு?"

ஜுனைதீன் எதையோ சொல்ல வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். "காலி பண்ணுன்னா பண்ணு!"

"நோட்டீசு குடுக்காம என்னைய யாரும் கெளப்ப முடியாது மொதலாளி. எனக்கும் கோர்ட்டு வாசல் தெரியும். மொதல்ல சுவரைக் கட்டுங்க!" பணத்தை அவர் காலடியில் விசிறியடித்தாள். பெரிய மகள்தான் பொறுக்கி மடியில் முடிந்துகொண்டாள்.

ஜுனைதீன் தன் கடைக்குப் போய்க் கடப்பாரையோடு வந்து கூரையேறிவிட்டார்.

இப்போது அடுப்பிலேயே மழை விழுந்தது. அரைவேக்காட்டுச் சோற்றில் தண்ணீர் நிரம்பியது. சின்னவள் குளிரில் நடுங்கிக்கொண்டு அழுதாள். இனி என்ன வீம்பு? ரெங்கம்மா பானை சட்டியைத் தலையில் ஏற்றி, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, பாலத்தடியில் இருந்த தங்கை வீட்டுக்கு இறங்கினாள். போகிறபோது ஒரு பிடி சேற்றை அள்ளிக் கூரையைப் பார்த்து எறிந்தாள்.

"மண்ணாப் போயிரும்யா ஒன் வீடு!"

சாயங்காலம் மலை இறங்கியது.

சத்தம் கேட்டு ரெங்கம்மா ஓடிவந்தபோது, வீடு இருந்த இடத்தில் செம்மண்ணும் வேரோடு புரண்ட மரங்களும்தான் கிடந்தன. தெருவில் ஜுனைதீன் தொப்பலாக நனைந்து நின்றார்.

பிள்ளைகள் பாய் விரிக்கிற மூலை எது, அடுப்படி எது என்று கண்ணால் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஆத்திரம்தான் வந்தது.

"அந்தச் சுவரைக் கட்டியிருந்தா இந்தக் கதி வந்திருக்குமாய்யா? காலையில வந்து பாத்தியே... மலை சரியப்போகுது, புள்ளைங்கள கூட்டிட்டுப் போன்னு சொல்றதுக்காவது ஒனக்கு வாய் வரலையா?"

ஜுனைதீன் மண்மேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் சொன்னா நீ நம்பியிருப்பியா?"