மேலே ஒரு குரல், கீழே ஒரு குரல்

பேருந்து நிலையக் கூரையில் மாட்டியிருந்த ஒலிபெருக்கி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, "மின்னாரம் சோப்பு, மேனிக்கு ஒரு வரம்" என்று ஒரு பெண் குரலில் குழைந்தது. தூங்கும் குழந்தைகள் விழித்து அழுதன. கண்டக்டர்கள் ஊர்ப் பெயரைக் கூவிப் பார்த்து அலுத்துப்போய் விரலால் பஸ்ஸைக் காட்டினார்கள். கீழே பெட்டிக்கடை வைத்திருந்த இருளப்பனிடம் சோப்பு கேட்பவர்கள் எல்லோரும், "எதுன்னாலும் குடுங்க, அது மட்டும் வேண்டாம்" என்றார்கள். விற்காத மின்னாரம் பெட்டியின் மேல்தான் அவன் உட்கார்ந்திருந்தான். ஒரு நாள் பஸ் மாற இறங்கிய பெண் ஒருத்தி, "அண்ணே, ஒரு சோப்பு" என்றாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதே குரல். இருளப்பன் பரபரப்பாக எழுந்து, உட்கார்ந்திருந்த பெட்டியைப் பிரிக்கப் போனான். "ஐயோ, அது மட்டும் வேண்டாம்ணே," என்றாள் அவள். "அந்த ஒரு வரியை அறுபது தடவை பேச வச்சாங்க. இப்ப பேரைக் கேட்டாலே தொண்டை கட்டுது." எல்லோரும் சிரித்தார்கள், அவளும்தான். அதற்குள் மேலே அவள் குரல் "மின்னாரம்" என்று ஆரம்பித்தது. அவள் அண்ணாந்து பார்த்து, தங்கச்சியை அதட்டுவதுபோல, "போதும், வாயை மூடு" என்றாள். ஒலிபெருக்கி நின்றுவிட்டது. மின்சாரம் போகவில்லை, கடையில் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. முதன்முறையாக ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தன. அவள் போக வேண்டிய ஊரும் கேட்டது. இருளப்பன் மின்னாரம் பெட்டியைத் துண்டால் துடைத்து அவள் முன்னால் நகர்த்தி, "உக்காருங்க தங்கச்சி, நீங்க இருக்கிற வரைக்கும் அது வாயைத் திறக்காது. அடுத்த பஸ்ல போகலாம்," என்றான்.