உறையாத பால்

நாலாவது தடவையும் பால் உறையவில்லை. பானையைச் சாய்த்துப் பார்த்த ஓய்தினுக்கு ஒன்றும் புரியவில்லை.

சமர்கந்தில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஆய்வுக்கூடத்தில் கிருமிகளோடு மல்லுக்கட்டுகிறவளுக்கு ஒரு பானைத் தயிர் தோய்க்க வரவில்லை.

“பால்காரனையும் மாத்தியாச்சு. உறை பக்கத்து வீட்டு ஹமிதா கொடுத்தது, அவ வீட்ல கெட்டியாத்தான் தோயுது,” என்றாள் மாமியார் சலோமத். “உன் கைராசி அப்படியோ என்னவோ.”

“நான் உறை ஊத்தி மூடினப்புறம் யாராவது பானையைத் தொட்டாங்களா அத்தை?”

“யார் தொடுவா? நான்தான் மருந்தைக் கலந்துட்டு மறுபடி மூடி வெக்கிறேன்.”

“எந்த மருந்து?”

“நீ ஆய்வுக்கூடத்துல செஞ்சு கொண்டுவந்த வெள்ளைப் பொடிதான். வைட்டமின் சி-யும் துத்தநாகமும் சேந்தது, உடம்பைத் துருப்பிடிக்க விடாது, கிருமியை அண்ட விடாதுன்னு நீதானே சொன்னே? உன் மாமனார் மருந்துன்னா வாயைத் திறக்க மாட்டார். தயிர்னா கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிடுவார். அதான் பால்லயே போட்டுட்டேன்.”

ஓய்தின் பானையைத் தரையில் வைத்தாள்.

“பாலைத் தயிராக்குறதே கிருமிதான் அத்தை. இந்தப் பொடி நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு பாக்காது. எல்லாத்தையும் கொன்னுடும்.”

சலோமத் பானையை மூடி வைத்தாள். பிறகு எழுந்து முற்றத்துச் சுவரோரம் போய்க் குரல் கொடுத்தாள்.

“ஹமிதா, என் மருமக கையைப் பத்தி நேத்து சொன்னேனே, அதை மறந்துடு. அவ செய்யற மருந்து அவ்வளவு நல்லா வேலை செய்யுதுடி.”