ஏழாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஜன்னல் கம்பி வழியே இறங்கி, மேசைமேல் இருக்கும் பழைய கபடிக் குழுப் படத்தில் கோடு கோடாகக் கிடக்கிறது. அதைச் சுற்றி, கொத்தமங்கலத்து ஊர் வரலாற்றுக் குழுவினர் நான்கு பேர். மனைவி போனபின் வெள்ளைச்சாமியின் வீட்டில் இவர்கள் வரும் நாளில்தான் டம்ளர்கள் உரசும் சத்தம் கேட்கிறது. வாரத்துக்கு ஒரு பெயராக ஆறு பேரைச் சொல்லிவிட்டார். குழுவை நடத்தும் தேனம்மை ஆச்சியின் விரல் இப்போது ஏழாவது ஆள்மேல் நிற்கிறது. கோப்பையோடு பல் தெரியச் சிரிக்கும், இடது காதுமடல் கிழிந்த இளைஞன். “இவுக ஒருத்தர்தான் பாக்கி. யாருண்ணே?” படம் வந்த நாள்முதல் இடது காதை மூடிக் கட்டியிருக்கும் துண்டை வெள்ளைச்சாமி இன்னும் இறுக்குகிறார். கழுத்தில் வியர்வை வழிகிறது. “பிடிபட மாட்டேங்குது ஆச்சி. அடுத்த வாரம் வாங்க, யோசிச்சு வைக்கிறேன்.” “பரவாயில்லண்ணே, பேர் தெரியலைன்னு போட்டுக்கிறோம். இங்க வேலை முடிஞ்சிருச்சு, அடுத்த வாரத்துலேருந்து தேவகோட்டைக்குப் போறோம்.” ஆச்சி படத்தைப் பைக்குள் வைக்கிறார். நாற்காலிகள் தரையில் இழுபடுகின்றன. வாசலில் கால்கள் செருப்பைத் தேடுகின்றன. “இருங்க ஆச்சி, ஒரு நிமிசம் இருங்க…” வெள்ளைச்சாமியின் விரல்கள் காதருகே முடிச்சைப் பிய்க்கின்றன. வியர்வையில் ஊறி இறுகிய முடிச்சு அவிழவே மாட்டேன் என்கிறது.