ஓட்டப் பிரதட்சணம்

"வேகமாப் போடீம்மா, வேகமா! காலை இழுக்காதே!"

கொடிமரத்தடியில் உட்கார்ந்தபடி தர்மாம்பாள் விரட்ட, மாட்டுப்பெண் சீதாலக்ஷ்மி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பிராகாரத்தைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனாள். முகமெல்லாம் வேர்வை. மட்டாஞ்சேரிப் புழுக்கத்தில் சும்மா நின்றாலே மனுஷிக்கு மூச்சு முட்டும். இதில் விடிந்ததும் விடியாததுமாக இந்தக் கூத்து!

பக்கத்து வீட்டுக் காமாக்ஷிக்குப் பொறுக்கவில்லை.

"என்ன மாமி இது? பிரதட்சணம்னா நிறைமாசக்காரி எண்ணெய்க் குடத்தோட நடக்கற மாதிரி மெள்ள நடக்கணும்பா. நீங்க என்னடான்னா பந்தயக் குதிரையாட்டம் விரட்டறேள்!"

"என் வேண்டுதல் அப்படி. எனக்குப் பேரன் வேணும்."

"ஓடினாத்தான் பேரன் வருவானா?"

தர்மாம்பாள் அலுப்போடு கொட்டாவி விட்டாள்.

காமாக்ஷி தலையில் அடித்துக்கொண்டாள். சீதாவுக்கு அடுத்த மாதம் பாங்க் பரீட்சை. இரண்டு தடவை எழுதிக் கோட்டை விட்டாயிற்று. அடுத்த வருஷம் வயசு தாண்டிவிடும், இதை விட்டால் வேறு கதியில்லை. புருஷன் வெங்கிட்டு கணக்கெழுதிய மிளகுக் கிடங்கை மூடிவிட்டார்கள். இப்போது படகேறி எர்ணாகுளம் போய் பிராட்வே ஜவுளிக்கடையில் துணி மடித்துவிட்டு, வீடு வந்ததும் சுருண்டு விழுகிறான். குடும்பமே அந்தப் பெண்ணின் பரீட்சையை நம்பி உட்கார்ந்திருக்கிறது. இந்த லட்சணத்தில் பேரனாம், பிரதட்சணமாம்!

தெரு முழுக்க இதே பேச்சுதான்.

"மாமிக்குப் புத்தி பிசகிடுத்து" என்றாள் எதிர் வீட்டுக் கோமதி. "படிக்கற பொண்ணைப் போட்டு இப்படியா வதைப்பா?"

ஒரு நாள் தெருக்குழாயடியில் சீதாவைத் தனியாகப் பிடித்தாள் காமாக்ஷி.

"ஏண்டி, உனக்கு வாயே கிடையாதா? முடியாதுன்னு சொல்லேன்!"

"வேண்டாம் மாமி. அம்மா மனசு கஷ்டப்படும்."

"க்ஷீணமா இல்லையோ?"

"இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

வாயில்லாப் பூச்சி! இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அடுத்த வாரம் ஒரு நாள் கோவிலில் இருவரையும் காணவில்லை. விசாரித்ததில் சீதா தூரமாம். மூன்று நாளைக்குக் கோவில் கிடையாது.

"அப்பாடா, பகவானாப் பார்த்து லீவு கொடுத்தார்" என்று காமாக்ஷி வீட்டுக்கு வந்து காப்பி கலந்துகொண்டு உட்கார்ந்தாள்.

ஒரு வாய் குடித்திருப்பாள். பக்கத்து வீட்டுக் கொல்லையில் தொம், தொம் என்று சத்தம்.

ஒதுங்கி உட்கார்ந்திருக்கிற பெண்ணை இன்றைக்கும் விடவில்லையா? வீட்டிலுள்ள போர்வையெல்லாம் துவைக்கப் போட்டுவிட்டாளா? இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்டுவிடுவது என்று முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் கிளம்பினாள்.

எப்போதும் திறந்தே கிடக்கும் கொல்லைக் கதவு அன்று சாத்தியிருந்தது. ஓங்கித் தள்ளினாள். கொக்கி பிய்த்துக்கொண்டு கதவு திறந்தது.

உள்ளே சீதாலக்ஷ்மி கிணற்றுக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு குதித்துக்கொண்டிருந்தாள். துவைக்கிற கல்லின் மேல் பாடப் புஸ்தகம். தர்மாம்பாள் தூக்கக் கலக்கத்தோடு சுவரில் சாய்ந்து காவல் நின்றாள்.

"ஐயோ காமு, கதவைச் சாத்து! யாராவது பாத்துடப் போறா!"

"இது எந்தச் சாமிக்கு மாமி?"

தர்மாம்பாள் கிணற்று மேடையில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சாமியும் இல்லை, பூதமும் இல்லை. காலேஜ்ல இவ ஓட்டப்பந்தயத்துல ஓடினவ. அப்ப படிச்சதெல்லாம் மனசுல நின்னுதாம். என் ஆத்துக்கு வந்தா, ஓட்டம் நின்னுது. ராப்பகலா உட்கார்ந்து படிச்சாலும் ஒண்ணும் ஓர்மை நிக்கலை. ரெண்டாந்தடவையும் போனப்ப, 'ஓடினாத்தான் என் தலை தெளியும்மா'ன்னு ஒரே அழுகை."

"இப்போ நிக்கறதா?"

சீதா மூச்சு வாங்கச் சிரித்தாள். "நிக்கறது மாமி. ஓடிட்டு உக்காந்தா பாரம் இறங்கினாப்பல இருக்கு. காலம்பற படிச்சது சாயங்காலம் கேட்டாலும் சொல்றேன். இந்த மூணு நாள் விட்டா மறுபடி மந்தமாயிடுமோன்னு பயம். அதான் கயிறு."

"இதை வெளில சொன்னா என்ன மாமி? ஊரே உங்களைத் தூத்தறதே!"

"கல்யாணமான பொண்ணு பரீட்சைக்காக ஓடறான்னா இந்தத் தெரு சும்மா விடுமா? காலை ஒடிச்சுப் போடுவா. பேரன் வேணும்னேன், ஒருத்தரும் அவளைத் தடுக்கலை. வையறதெல்லாம் என்னைத்தானே? வையட்டும். அலுப்பாத்தான் இருக்கு. பரீட்சை முடியற வரைக்கும் தாங்கிடுவேன்."

காமாக்ஷி வெளியே வந்து, கதவை நன்றாக இழுத்துச் சாத்தினாள்.

தெருவில் கோமதி காத்திருந்தாள்.

"என்னடி காமு, அங்கே தொம்தொம்னு சத்தம்?"

காமாக்ஷி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேறென்ன? போர்வையெல்லாம் துவைக்க விட்டிருக்கா, பாவி. நீ அந்தப் பக்கமே போயிடாதே, நம்மளையும் கடிச்சுக் குதறிடுவா!"