முழுக்கைச் சட்டை

ஜூன் முதல் தேதியிலிருந்து விடுதியில் வேலை செய்கிற எல்லோருக்கும் முழுக்கைச் சட்டை என்று முதலாளி மர்டாக் சொன்னபோது, விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் டெல்பின் நினைத்தாள்.

அவளுடைய வலது கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தது. மணிக்கட்டில் அலை, அதற்கு மேல் முழங்கை வரை நீந்திப் போகும் ஒரு திமிங்கிலம். வேலைக்குச் சேர்ந்த அன்று அதை ரசித்துப் பார்த்தவர் இதே மர்டாக்தான்.

இப்போது என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"விருந்தாளிங்க ஒரு மாதிரி பார்க்கறாங்க," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

யாரும் அப்படிப் பார்த்ததாக டெல்பினுக்குத் தெரியவில்லை. இந்த நோவா ஸ்கோஷியா கடற்கரைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையிலேயே டாட்டூ இருந்தது.

அடுப்புக்கு முன்னால் முழுக்கையோடு நிற்க முடியாது என்று சொல்லிவிட்டு, எட்டு வருஷமாக ராத்திரிச் சமையல் பார்த்த கீரன் வேறு இடம் தேடிப் போய்விட்டார். மர்டாக் தடுக்கவில்லை. தானே கரண்டியைப் பிடித்தார். மீன் தினமும் கருகியது. அவர் முதுகுக்குப் பின்னால் எல்லோரும் திட்டினார்கள்.

ஜூலையில் ஒருநாள், டெல்பினும் ராஜினாமாக் கடிதத்தோடு காலையிலேயே வந்தாள். அவளுக்கு எப்போதும் மாலை வேலைதான். காலை நேரத்து விடுதியை அவள் பார்த்ததே இல்லை.

நல்ல மூடுபனி. கடலும் இல்லை, கரையும் இல்லை. படகுகள் வானத்தில் கட்டி வைத்தது போல நின்றன. சாப்பாட்டு அறையில் எல்லோரும் தூக்கத்தில் பேசுவது போல மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

காலை வேலைக்காரி ரோவீனா காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியின் முழங்கை இடித்து, காபி ரோவீனாவின் சட்டைக் கையில் கொட்டியது. ரோவீனா சட்டென்று சட்டைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றினாள்.

முன்கையின் உட்பக்கத்தில், பச்சை குத்திய, கட்டைவிரல் அளவே இருந்த இரண்டு குட்டிப் பாதங்கள். கீழே ஒரு தேதி.

"எவ்வளவு அழகான பாதம். இப்ப எத்தனை வயசு?" என்றாள் அந்தப் பெண்மணி.

ரோவீனா சிரித்தாள். "இருந்திருந்தா, வர்ற சனிக்கிழமை ஒரு வயசு."

காபிக் குவளையை மேசையில் வைத்துவிட்டு, பனிக்குள் நடக்கிறவள் போல மெதுவாக நடந்து, துணி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுப்படி வாசலில் நின்ற மர்டாக் அதைப் பார்த்தார். பக்கத்தில் டெல்பின் நிற்பதையும் பார்த்தார்.

"மே மாசம் முழுக்க இப்படித்தான்," என்றார். "தினமும் யாராவது ஒருத்தர் கேட்பாங்க. நல்ல மனசோடதான் கேட்பாங்க. தினமும் அந்தக் கதவு சாத்திக்கும்."

டெல்பின் அவர் பக்கம் திரும்பினாள்.

"அவளை மட்டும் முழுக்கை போடச் சொல்லியிருக்கலாமே. கீரன் போயிருக்க மாட்டார். நாங்களும் உங்களை இந்த மாதிரி திட்டியிருக்க மாட்டோம்."

சாத்தியிருந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தார் மர்டாக்.

"அவகிட்ட மட்டும் எப்படிச் சொல்றது, டெல்பின்? பிள்ளையை ஒளிச்சு வைன்னு சொன்ன மாதிரி ஆயிடாதா?"